ஆய்வுக்கூடத்தில் ஓர் இல்லறம்

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிகளில் விலங்கியல் கற்பித்தவன் நான். ஓர் ஆசிரியன் கற்பித்த பாடங்களுள் பல நாளடைவில் அவனுக்கே மறந்துபோகும். ஆனால், தான் தவறாகக் கற்பித்தவற்றை அவனால் எளிதில் மறக்க இயலாது. அப்படி நான் பல ஆண்டுகள் தவறாகச் சொல்லிவந்த ஒரு செய்தியையும், அதைத் திருத்தியவளையும் பற்றி, பங்குக் குடும்பங்கள் படிக்கும் இந்த இதழில் எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதற்கான வேளை இப்போதுதான் வாய்த்தது.

விரைந்து ஓடும் ஒருவனுடைய தசைகளுக்கு உயிர்க்காற்று போதாதபோது, அவை தம்மிடம் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளை உடைத்து ஆற்றல் பெறுகின்றன. அப்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் இரத்தத்தில் கலந்து கல்லீரலைச் சேர்கிறது. கல்லீரல் அதை வீணாக்குவதில்லை. மீண்டும் சர்க்கரையாக மாற்றி, இரத்தத்தின் வழியே தசைகளுக்கே அனுப்பிவைக்கிறது. இந்தச் சுற்றுக்குக் 'கோரி சுழற்சி' என்று பெயர். இறைவனின் படைப்பில் எத்துணைச் சிக்கனம் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, "இதைக் கண்டறிந்தவர் கோரி என்னும் விஞ்ஞானி, அவர் 1947இல் நோபெல் பரிசு பெற்றார்" என்று முடிப்பேன்.

1981ஆம் ஆண்டு என்று நினைவு. ஓரிரவு குடும்ப செபம் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின், மறுநாள் பாடத்திற்கான குறிப்புகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அரிவாள்மணையின் முன் அமர்ந்து மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் துணைவி தலை நிமிராமலே சொன்னாள்: "கோரி என்பவர் ஒருவர் அல்லர், இருவர். கணவரும் மனைவியும். பரிசும் இருவருக்குமே கிடைத்தது."

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எங்கள் கல்லூரியில் சகோதரி ஒருவர் சொல்லியிருக்கிறார்கள்" என்று கூறிவிட்டு அவள் அடுத்த காயை எடுத்துக்கொண்டாள். அவள் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். அன்றிரவு முதல் அந்த மற்றொரு கோரியைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கலானேன். நான் அறிந்தவற்றை முதலில் சொல்லி விடுகிறேன்.

பிராக் நகரத்துப் பெண்

அன்னை மரியாளின் விண்ணேற்பைத் திருச்சபை கொண்டாடும் ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாளில், 1896ஆம் ஆண்டு, பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தின் தலைமகளாகப் பிறந்தவர் கெர்ட்டி தெரசா ராட்னிட்ஸ். அந்நகரம் அன்று ஆஸ்திரிய - அங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை வேதியியலார். சர்க்கரை ஆலைகளின் மேலாளர். தந்தை ஆலையில் சர்க்கரையைத் தூய்மைப்படுத்தினார். மகளோ மனித உடலுக்குள் சர்க்கரை செல்லும் பாதையைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அக்காலத்தில் பெண்களுக்கான பள்ளிகளில் நல்ல பழக்கவழக்கங்களும் கலைகளும் கற்பிக்கப்பட்டனவே அன்றி, பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு வேண்டிய பாடங்கள் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை. மருத்துவம் படி என்று அவருடைய மாமா ஊக்கினார். ஆனால், இலத்தீனும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தெரிந்தாலன்றி நுழைவுத் தேர்வு எழுத முடியாது. பல ஆண்டுப் பாடங்களை ஏறத்தாழ ஓராண்டிலேயே படித்து முடித்து, 1914இல் பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவியானார் கெர்ட்டி.

அங்கேதான் அவர் கார்ல் கோரி என்னும் மாணவரைச் சந்தித்தார். அவரும் அதே 1896ஆம் ஆண்டில் பிறந்தவர், கத்தோலிக்கர், கடல் வாழ் உயிர்களை ஆராய்ந்த அறிஞர் ஒருவரின் மகன். மலையேறுவதிலும் பனிச்சறுக்கு விளையாட்டிலும் இருவருக்கும் ஒரே ஆர்வம். ஆராய்ச்சியிலும் அவ்வாறே, மாணவராக இருந்தபோதே இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். இடையில் முதல் உலகப் போர் மூண்டது. கார்ல் படையில் சேர்க்கப்பட்டார். போர் ஓய்ந்து, 1920இல் இருவரும் பட்டம் பெற்றார்கள். அவ்வாண்டிலேயே திருமணமும் நடந்தது. ஆலயத்தில் திருமணம் நடைபெறும் பொருட்டுக் கெர்ட்டி கத்தோலிக்க மறையைத் தழுவினார்.

ஆயினும் கார்லின் உறவினர்க்குத் தயக்கம் இருந்தது. யூதக் குலத்துப் பெண்ணை மணந்தால் மகனின் எதிர்காலம் பாழாகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனையும் அன்று. ஒரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவதற்குக் கார்ல் தாம் யூத மரபினர் அல்லர் என்று சான்று காட்ட வேண்டியிருந்தது. கெர்ட்டி வியன்னா நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். போருக்குப் பிந்திய அந்நாட்களில் வியன்னாவில் உணவுப் பஞ்சம். ஊட்டமின்மையால் வைட்டமின் ஏ குறைந்து அவருடைய கண்கள் வறண்டு நோயுற்றன. நம் நாட்டுக் குழந்தைகள் எத்தனையோ பேருடைய பார்வையைப் பறித்த அதே நோய்தான் அது. பிராக்கில் இருந்த பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பி நல்ல உணவு உண்ட பின்னரே குணமடைந்தார்.

பசியும் இனப் பகையும் ஒருங்கே துரத்தும் இடத்தில் எப்படி வாழ்வது? எங்கேனும் போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1922இல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில், புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கார்லுக்கு வேலை கிடைத்தது. அவர் முதலில் சென்றார். ஆறு மாதம் கழித்துக் கெர்ட்டி கப்பலேறினார். ஏரோது மன்னனுக்கு அஞ்சி நள்ளிரவில் எகிப்துக்குப் புறப்பட்ட திருக்குடும்பத்தையும், மாமியாரின் கையை விடாமல் அந்நிய நாட்டுக்கு வந்த ரூத்தையும் நாம் அறிவோம். பிறந்த மண்ணை விட்டுப் புறப்படும் எளிய குடும்பங்களின் வரலாறு நம் மறைக்குப் புதியது அன்று.

"உன்னால் அவர் கெடுகிறார்"

பஃபலோவில் கெர்ட்டி அம்மையாருக்குக் கிடைத்தது சிறியதொரு உதவிப் பணி. கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை விட்டுவிட்டுத் தம் அறையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் வேலை போய்விடும் என்று எச்சரிக்கப்பட்டார். அவரோ, வேளை வாய்க்கும்போதெல்லாம் கணவரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று சோதனைகளைத் தொடர்ந்தார். காலம் செல்லச் செல்ல எதிர்ப்பு தானாகவே அடங்கிற்று.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று பின்னர் வந்தது. வேறொரு பல்கலைக்கழகம் கார்லுக்கு நல்ல பதவி தர முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மனைவியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. அதோடு நில்லாமல், கெர்ட்டியைத் தனியே அழைத்து, "நீங்கள் உங்கள் கணவரின் முன்னேற்றத்திற்குத் தடையாக இருக்கிறீர்கள், மனைவியோடு சேர்ந்து வேலை செய்வது இந்நாட்டு வழக்கம் அன்று" என்னும் பொருள்படப் பேசினார்கள். அந்த அம்மையார் கண்ணீர் விட்டு அழுதார். கார்ல் அந்தப் பதவியை ஏற்கவில்லை.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நோபெல் பரிசுக்குப் பிறகு அவருக்கு மனைவியின் அருமை தெரிந்தது என்றால் அதில் வியப்பில்லை. பரிசு எதுவும் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தபோது, வயது முப்பதைக் கடந்த வேளையில், அந்நிய நாட்டில், வந்த வாய்ப்பை வேண்டாம் என்று மறுத்தாரே, அதுதான் பெரிது. வாழ்விலும் தாழ்விலும் பிரியோம் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்குக்கு அவர் அன்று செய்த பொருளுரை அது.

1928இல் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். அதற்கு அடுத்த ஆண்டில்தான், நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த அந்தச் சுழற்சியை உலகுக்கு விளக்கினார்கள். 1931இல் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் கார்லைத் துறைத் தலைவராக அழைத்தது. கெர்ட்டிக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆராய்ச்சி உதவியாளர் என்னும் நிலையில்தான். ஊதியம் கணவருடையதில் ஒரு சிறு பங்கே. செய்த வேலையோ இருவரும் சமமாகச் செய்த வேலை. ஒருவர் தொடங்கிய எண்ணத்தை மற்றவர் முடித்துவைப்பார் என்று அவர்களோடு பணியாற்றியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

1936ஆம் ஆண்டு அவர்களுக்கு இரட்டைப் பேறு. கிளைக்கோஜன் உடையும்போது முதலில் தோன்றும் ஒரு புதுப்பொருளைக் கண்டறிந்தார்கள். அது இன்றும் 'கோரி எஸ்டர்' எனப்படுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து, தாய்க்கு நாற்பது வயது நிறையும் மாதத்தில் பிறந்த பிள்ளை. செயின்ட் லூயி நகரத்துக் கோடை வெப்பம் பொறுக்க முடியாதது; அந்த வெப்பத்திலும் பேறு நெருங்கும் வரை அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்கவில்லை. சில ஆண்டுகளில் கிளைக்கோஜனைக் கண்ணாடிக் குழாயிலேயே உருவாக்கிக் காட்டினார்கள். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே நடக்கும் என்று எண்ணியிருந்த ஒன்றை மேசைமேல் கண்டபோது அறிவியல் உலகம் வியந்தது.

வீட்டு வேலைக்கு உதவியாள் இருந்தார். எல்லாவற்றையும் தாமே செய்து முடித்த அதிசயப் பெண்மணி என்று அவரைப் புகழ்ந்தால் அது உண்மையாகாது. நம் பெண்களுக்கு அது நல்ல பாடமும் ஆகாது. உதவி கிடைத்தது, கணவர் உடன் நின்றார், ஆகவே அவரால் இயன்றது. வீட்டில் தோட்டம் வளர்த்தார்கள். நண்பர்களை விருந்துக்கு அழைத்தார்கள். விடுமுறை தோறும் மலையேறினார்கள். கெர்ட்டி வாரந்தோறும் நூலகத்திலிருந்து பல நூல்களை வாங்கி வந்து படிப்பார்.

அவர்களுடைய ஆய்வுக்கூடமே ஒரு பெரிய குடும்பம் போல் இருந்தது. பெண் என்றும் யூதர் என்றும் பிற இடங்களில் கதவடைக்கப்பட்டவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அங்கே பணியாற்றிச் சென்றவர்களுள் ஆறு பேர் பின்னாளில் நோபெல் பரிசு பெற்றார்கள். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த செவேரோ ஒச்சோவா, அர்ஜென்டினாவின் லூயி லெலுவார், பெல்ஜியத்தின் கிறிஸ்தியான் தெ டூவ் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். வேலையில் அசட்டை கண்டால் கெர்ட்டி அம்மையார் பொறுக்க மாட்டார், கடிந்து பேசுவார். ஆயினும், அவரிடம் பயின்றவர்கள் அவரை நன்றியோடு நினைத்தார்கள்.

நான் செய்தது

இவற்றையெல்லாம் படித்தபோது என் மனம் அமைதியாக இருக்கவில்லை. அதன் காரணத்தை இனி மறைப்பதில் பயனில்லை.

எங்களுக்கு 1973இல் திருமணம் ஆயிற்று. அப்போது என் துணைவி ஒரு மகளிர் கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தாள். 1976இல், எங்களுக்கு இரண்டாம் குழந்தை பிறந்த சில மாதங்களில், உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதே வேளையில் எனக்குத் தென்கோடியில் ஒரு சிற்றூருக்கு மாற்றல் ஆணையும் வந்தது. பதவி உயர்வோடு கூடிய மாற்றல். கடிதத்தை என் கையில் கொடுத்து, "என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. "குழந்தைகளை யார் பார்ப்பார்கள்? நீ படித்து என்ன ஆகப்போகிறது? நான் முன்னேறுவதற்கு நீ குறுக்கே நிற்கலாமா?" என்று கேட்டேன்.

கெர்ட்டியைத் தனியே அழைத்து அந்நியர் சொன்ன அதே சொல்லை, என் வீட்டில், நானே என் மனைவியிடம் சொன்னேன். அங்கே கணவர் பதவியை மறுத்தார். இங்கே கணவனே நிபந்தனை விதித்தான்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. வேலையை விட்டாள். அந்தக் கடிதத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவும் இல்லை. வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்ப்பது தாழ்ந்த பணி என்று நான் சொல்ல வரவில்லை. நம் அன்னையரும் பாட்டியரும் அதைத் திருப்பணியாகவே செய்தார்கள். விரும்பி அதை ஏற்கும் பெண்கள் இன்றும் வணக்கத்திற்குரியவர்கள். ஆனால், என் துணைவி அதைத் தானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. நான் அவளுக்காகத் தேர்ந்தேன். நற்செய்தியில் தாலந்துகளின் உவமையை ஆலயத்தில் வாசிக்கும்போது, கிடைத்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைப் பற்றிக் கேட்கிறோம். பிறருடைய தாலந்தைப் பிடுங்கிப் புதைத்தவனுக்கு என்ன தீர்ப்பு என்று அந்த உவமை சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வாசகத்தின்போது நான் தலை குனிந்தே நின்றிருக்கிறேன்.

புதைத்தும் அது முற்றிலும் மாண்டு போகவில்லை. மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பங்குப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். காசு வாங்காமல் வேதியியல் சொல்லிக்கொடுப்பாள். அவர்களுள் இருவர் மருத்துவர்கள். ஒருவர் அருட்சகோதரியாகி இன்று ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். அந்தச் சுழற்சியில் வரும் லாக்டிக் அமிலத்தைப் போல, வீணானது என்று நான் எண்ணியதை இறைவன் வேறு வழியாகக் கொண்டுபோய்ப் பயன்படுத்திக்கொண்டார். அது அவருடைய இரக்கம். என் குற்றத்தை அது இல்லாமல் ஆக்கிவிடாது.

பரிசும் நோயும்

1947ஆம் ஆண்டுக் கோடையில் கோரி தம்பதியர் கொலராடோ மலைகளில் ஏறிக்கொண்டிருந்தபோது கெர்ட்டி மயங்கி விழுந்தார். சில வாரங்களில் நோபெல் பரிசுச் செய்தி வந்தது. பரிசில் ஒரு பாதி அர்ஜென்டினாவின் பெர்னார்தோ ஊசாய்க்கும், மறுபாதி கோரி தம்பதியர்க்கும் எனப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி கெர்ட்டியே. அறிவியல் துறைகளில் அவருக்கு முன் அப்பரிசைப் பெற்ற பெண்கள் மேரி கியூரியும் அவர் மகள் ஐரீனும் மட்டுமே. பல ஆண்டுகள் உதவியாளராகவும் பின்னர் இணைப் பேராசிரியராகவும் இருந்தவரைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில்தான் முழுப் பேராசிரியர் ஆக்கிற்று.

ஆனால், ஸ்டாக்ஹோமுக்குப் புறப்படுமுன்பே மற்றொரு செய்தியும் அவரை எட்டிவிட்டது. எலும்பு மஜ்ஜை நாராகி, இரத்தம் ஊறாமற்போகும் நோய் அது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. மாலையும் துயரும் ஒரே வேளையில் வந்தன. பரிசளிப்பு விருந்தில் பேசிய கார்ல், தங்கள் கூட்டுழைப்பு மாணவப் பருவத்திலேயே தொடங்கியது என்றும், ஒருவரின் முயற்சியை மற்றவர் முயற்சி நிறைவு செய்தது என்றும், தனித்து நின்றிருந்தால் இருவருமே இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்றும் கருத்துரைத்தார்.

அதற்குப் பின் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்தார். பிறருடைய இரத்தத்தை அடிக்கடி ஏற்றிக்கொண்டே வாழ்ந்தார். ஆய்வுக்கூடத்திலேயே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். களைத்தபோது படுப்பார், தெளிந்தபோது எழுந்து வேலை செய்வார். அந்தப் பத்தாண்டுகளில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? குழந்தைகளுக்கு வரும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தார். அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் கிளைக்கோஜன் தேங்கி வயிறு வீங்கும். இரத்தத்தில் சர்க்கரையோ ஆபத்தான அளவுக்குக் குறையும். சர்க்கரையை விடுவிக்கும் ஒரு நொதி அவர்களுடைய கல்லீரலில் இல்லாததே காரணம் என்று 1952இல் கண்டு சொன்னார்கள். மரபு வழி வரும் ஒரு நோய்க்கு நொதிக் குறைவு காரணம் என்று நேரடியாகக் காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நோய்க்கு அவர்கள் பெயரே வழங்குகிறது. காரணம் தெரிந்த பின் வழி பிறந்தது. 1980களிலிருந்து, வேகவைக்காத மக்காச்சோள மாவை நீரில் கலந்து வேளை தவறாமல் கொடுத்து அத்தகைய பிள்ளைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தம் இரத்தம் வற்றிக்கொண்டிருந்தபோது, முகம் அறியாத பிள்ளைகளின் இரத்தத்தைப் பற்றி அந்தத் தாய் கவலைப்பட்டார்.

இறுதி நாட்களில் அவரால் நடக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கார்லே அவரைத் தூக்கிச் சென்றார். 1957 அக்டோபர் 26ஆம் நாள், தம் இல்லத்தில், 61ஆம் வயதில் கெர்ட்டி இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்க நமக்கு உரிமையில்லை. உள்ளங்களை அறிபவர் இறைவன் ஒருவரே. ஆனால், நோயுற்றிருந்த அந்நாட்களில் வானொலிக்காகத் தம் வாழ்வின் கொள்கைகளைப் பதிவு செய்தபோது, அறிவின் நேர்மை, துணிவு, பரிவு ஆகிய மூன்றையும் அவர் போற்றினார். இளமையில் தோன்றியதைவிட இப்போது பரிவே பெரிதாகத் தோன்றுகிறது என்றும் குறிப்பிட்டார். துன்பப் பள்ளியில் பயின்ற சொல் அது.

காலம் தாழ்ந்த மன்னிப்பு

என் துணைவி 2016இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையுற்றாள். மூன்று ஆண்டுகள். காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பேன். மாலையில் மீண்டும் தூக்கிக் கட்டிலில் கிடத்துவேன். எனக்கும் எழுபது வயது ஆகிவிட்டது. முதல் நாள் அவளைத் தூக்கியபோது கார்ல் கோரி என் நினைவுக்கு வந்தார். அவர் தூக்கிச் சென்றது ஆய்வுக்கூடத்திற்கு. நான் தூக்கிச் சென்றதோ சன்னல் வரைக்கும்தான்.

2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒருநாள் பங்குத்தந்தை வந்து அவளுக்கு நற்கருணை அளித்துச் சென்றார். அவர் போன பிறகு, நாற்பத்து மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததை அவளிடம் கேட்டேன். "அந்தக் கடிதம் வந்தபோது நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிப்பாயா?"

அவள் சற்று நேரம் சன்னலைப் பார்த்திருந்தாள். எனக்கு வருத்தமே இல்லை என்று அவள் சொல்லவில்லை. பொய் சொல்லி என்னைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை. "எத்தனையோ இரவுகள் அழுதிருக்கிறேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னித்துப் பல காலம் ஆயிற்று. நீங்கள் கேட்டதே போதும். ஆனால் நம் பேத்திக்கு அப்படி நேரக்கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். அவ்வாண்டு ஜூலையில் அவள் மறைந்தாள்.

அவள் சொன்ன வேளை சென்ற ஆண்டு வந்தது. என் மகன் வயிற்றுப் பேத்தி உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். நல்ல கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. இறுதியில், "திருமணத்திற்குப் பிறகு ஆராய்ச்சியெல்லாம் வேண்டாமே, வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார்கள். என் மகன் என் முகத்தைப் பார்த்தான். "அப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அத்தகைய கேள்விக்கு ஒரு முறை விடை சொன்னவன் நான்தானே!

வந்தவர்களிடம் நான் கடுமையாகப் பேசவில்லை. கோரி தம்பதியரின் கதையைச் சொன்னேன். பிறகு என் கதையையும் சொன்னேன். பேத்திக்கு அன்றுதான் தன் பாட்டியைப் பற்றிய அந்தச் செய்தி தெரிந்தது. அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை. அவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. நான் முப்பது வயதில் இருந்த இடத்தில்தான் அவர்களும் நின்றார்கள். பேத்தி ஆய்வைத் தொடர்கிறாள். அவளுக்கென்று இறைவன் குறித்து வைத்திருப்பவர் உரிய காலத்தில் வருவார்.

2008இல் அமெரிக்க அரசு கெர்ட்டி கோரியின் உருவம் பொறித்த அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது. அதில் அவர் கண்டறிந்த பொருளின் வேதி அமைப்பையும் அச்சிட்டார்கள். அந்த அமைப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஆண்டுக்கணக்கில் நான் வகுப்பில் செய்த பிழையை என் துணைவி ஒரே வரியில் திருத்தினாள். வீட்டில் செய்த பிழையைத் திருத்த எனக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இதைப் படிக்கும் இளம் கணவர்களே, உங்கள் மனைவியின் கைக்கு அப்படியொரு கடிதம் வந்தால், விடை சொல்லுமுன் இருவரும் சேர்ந்து முழந்தாளிட்டுச் செபியுங்கள். பெற்றோரே, பெண் கேட்கவும் கொடுக்கவும் போகும்போது, அந்தப் பெண்ணிடம் இறைவன் ஒப்படைத்திருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள்.

இப்போதெல்லாம் ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாத் திருப்பலி முடிந்ததும், கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று என் துணைவியின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பிராக் நகரில் அந்நாளில் பிறந்த அம்மையாருக்காகவும் ஒரு செபம் சொல்கிறேன். சென்ற ஆண்டு பேத்தியும் உடன் வந்தாள். ஆய்வுக்கூடத்தில் அன்று நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் பாட்டியிடம் சொல்வது போல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது முழுவதும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும்.